ஊமக்கல்லு மாமாவின் பெயர்

மகனே,

கல்யாணப் பத்திரிகை யார் யாருக்குப் போக வேண்டும் என்று அம்பத்தூரிலிருந்து நீ எழுதி அனுப்பிய பட்டியல் கிடைத்தது. கம்பெனிச் சிநேகிதர்கள் ஒரு பக்கம், பெண் வீட்டார் ஒரு பக்கம், நம் தெருக்காரர்கள் ஒரு பக்கம் என்று கோடு போட்டுப் பிரித்து எழுதியிருக்கிறாய். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட எனக்கு உன் கையெழுத்தைப் பார்த்தாலே வாத்தியார் ஞாபகம் வந்து முதுகு அரிக்கிறது. தெருக்காரர்கள் பக்கத்தில் நடுவில் ஒரு பெயர்: 'ஊமக்கல்லு மாமா'. பக்கத்தில் கேள்விக்குறி போட்டு, 'இவர் நிஜப் பேர் என்னப்பா?' என்று எழுதியிருந்தாய். போன மாதம் சிநேகிதர்களோடு வந்தபோதும் கடை வாசலில் நின்று இதையேதான் கேட்டாய். நான் என்ன சொன்னேன்? "அவனுக்கே மறந்து போயிருக்கும்டா" என்றேன். நீ சிரித்தாய். சிநேகிதர்கள் சிரித்தார்கள். நாலடி தள்ளி உட்கார்ந்து ஒரு பழைய தார் டின்னை உளி வைத்துப் பிளந்துகொண்டிருந்த அவரும் தலையைத் தூக்கிச் சிரித்தார்.

எனக்கு மறக்கவில்லை. பெயரைக் கடைசியில் எழுதுகிறேன். இப்போதே எழுதினால் அதைப் பட்டியலில் சேர்த்துவிட்டு மீதியைப் படிக்காமல் விட்டுவிடுவாய். நான் எழுதும் கடிதங்களை நீ முழுதாகப் படிப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். நானே ஒருமுறை நடுவில் 'உன் அம்மா மாடு வாங்கிவிட்டாள்' என்று சும்மா எழுதிப் பார்த்தேன், நீ மாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரில் சொல்லியிருக்கலாமே என்பாய். நேரில் என் வாய் என் சொல் பேச்சு கேட்காது. நடுவில் எங்கேயாவது ஒரு ஜோக் அடித்துவிடும், நீ சிரித்துவிடுவாய், அத்தோடு சரி. காகிதத்தில் அடித்தால் சிரிக்க எதிரில் ஆள் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நம்முடையது காயலான் கடை. இன்றைக்கு உடைந்த சைக்கிளும் தகர டப்பாவுமாகக் கிடக்கிறது. நீ சின்னப் பையனாக இருந்தபோது, சீனாக்காரனோடு சண்டை வந்த வருஷம், நிலைமை வேறு. புது இரும்புக்குக் கண்ட்ரோல். கொல்லுப் பட்டறைக்காரன் ஒரு வண்டிப் பட்டை அடிக்க வேண்டுமென்றாலும் பழைய லாரி அச்சையோ ரயில் தண்டவாளத் துண்டையோ தேடி என்னிடம்தான் வருவான். பழைய இரும்பைவிடப் பழைய கருவிக்கு இன்னும் கிராக்கி. சம்மட்டி, குறடு, துருத்தி, இரும்பை இறுக்கிப் பிடிக்கிற வைஸ் எது கிடைத்தாலும் மெட்ராஸ் ஒர்க்‌ஷாப்காரர்கள் கொத்திக்கொண்டு போவார்கள். ஆனால் கருவியைப் பார்த்து வாங்குகிற விஷயத்தில் நான் அப்போது வெறும் வாய்ச்சவடால். ஒருமுறை ஏனாத்தூரில் ஒருவன் மரை தேய்ந்துபோன வைஸுக்குள் துணியைச் சுற்றி, கிரீஸைப் பூசி என் தலையில் கட்டிவிட்டான். அது எதையும் பிடிக்கவில்லை. உன் அம்மா கொஞ்ச நாள் அதன் மேல் தேங்காய் உடைத்தாள்.

அதற்குப் பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். ஆயுத பூஜை. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் எல்லாப் பட்டறையிலும் எல்லாக் கருவியையும் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாக அடுக்கி வைப்பார்கள். கரி ஒட்டிக்கொண்டிருக்காது, எண்ணெய் பூசி மறைத்திருக்காது. வாசலில் யார் வந்து நின்றாலும் உள்ளே கூப்பிட்டுப் பொரி கடலை கொடுப்பார்கள். நான் காலையில் குளித்துப் பட்டையாக விபூதி பூசிக்கொண்டு கிளம்பினால் பட்டறை பட்டறையாகப் போய்ப் பொரியைத் தின்றபடி எவனிடம் என்ன இருக்கிறது என்று நோட்டம் பார்த்துவிட்டு வருவேன். சாமி கும்பிட வந்தவன் என்று நினைத்து அவர்களும் காட்டுவார்கள். ஒரே ஒரு குறை. பூஜையில் வைத்த கருவியை அன்றைக்கு எடுக்கக் கூடாது. மறுநாள் விஜயதசமியில்தான் முதல் அடி. அதனால் கண்ணால் பார்க்கலாம், அடித்துப் பார்க்க முடியாது.

ரயில்வே ரோட்டில் நம் கடைக்கு நாலு வாசல் தள்ளி ஒரு ஆசாரி பட்டறை இருந்தது. நீ ஊமக்கல்லு என்று கூப்பிடுகிறாயே, அவருடையது. அவரிடம் ஒரு பட்டறைக்கல் இருந்தது. பேருக்குத்தான் கல், முழுக்க இரும்பு, காய்ச்சின இரும்பை அதன் மேல் வைத்துத்தான் அடிப்பார்கள். நல்ல கல்லை அடித்தால் மணி மாதிரி கணீரென்று கேட்கும். உள்ளே விரிசல் விட்டிருந்தால் டொக்கென்று அடங்கிவிடும். அவர் கல் கேட்ட மாதிரி ஒரு கல் நான் கேட்டதில்லை. காலையில் அந்தச் சத்தம் வந்தால்தான் எதிர் டீக்கடைக்காரன் பாலை இறக்குவான். மெட்ராஸில் லாரி பாடி கட்டுகிற ஒருத்தன் அப்படி ஒரு கல் வேண்டும் என்று என்னைக் குடைந்துகொண்டிருந்தான். நான் ஆசாரியிடம் மூன்று தடவை கேட்டேன். மூன்றாவது தடவை அவர் நாலு பேர் முன்னால், "காயலான் கடக்காரா, போற வழியில என் பொண்டாட்டியயும் ஒரு வெல கேட்டுக்கினு போயேன்" என்றார். அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மற்றவர்களை நான் சிரிக்க வைக்கிறவன். என்னை வைத்து மற்றவர்கள் சிரித்ததை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அவர் பட்டறையில் நல்ல கூட்டம். கூரத்திலிருந்தும் ஐயம்பேட்டையிலிருந்தும் அவரிடம் ஏர்க்கொழு அடிக்கிற குடியானவர்கள் வேட்டி துண்டோடு வந்திருந்தார்கள். கல்லுக்குச் சந்தனம் அப்பி, சாமந்தி மாலை இரண்டு சுற்று சுற்றியிருந்தது. என் கை நிறையப் பொரி. திடீரென்று என்ன தோன்றியதோ, குனிந்து, மாலைக்கு நடுவில் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினேன். காதை வைத்துக் கேட்டேன். டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நிமிர்ந்து சொன்னேன்: "ஆசாரி, கல்லு பேசலியேப்பா. உள்ள விட்டுப்போச்சி போலக்குது. ஊமக்கல்லு!"

கூட்டம் சிரித்தது. சிரித்து முடித்ததும் கூரத்துக் குடியானவர் ஒருவர் சிரிக்காமல் கேட்டார்: "அதான் போன ஆடியில என் கொழு நெடுக்கப் பொளந்துக்கிச்சா?" அத்தோடு எல்லாரும் கல்லைப் பார்த்தார்கள். ஆசாரியின் முகம் போன போக்கை எழுத எனக்குப் படிப்புப் போதாது. "யோவ், இது எங்கப்பன் அடிச்ச கல்லுய்யா. இப்ப பாரு!" என்று பூஜையில் இருந்த சம்மட்டியை எடுக்கக் கையை நீட்டினார். அவர் மனைவி ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டது. "இன்னிக்கா? வேணாங்க. சாமி குத்தமாயிடும். நாளைக்கி அடிங்க" என்றது. அவர் கையை இழுத்துக்கொண்டார். மறுபடி நீட்டினார். அந்தம்மா விடவில்லை. நான் மிச்சப் பொரியை வாயில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். அவரால் அன்றைக்கு அடித்துக் காட்ட முடியாது என்று எனக்குத் தெரியும். சந்தனமும் மாலையும் சுமந்துகொண்டு நிற்கிற கல்லை விரலால் தட்டினால் உலகத்தில் எந்தக் கல்லும் பேசாது என்பதும் தெரியும். அவ்வளவு தெரிந்த பிறகுதான் தட்டினேன்.

மறுநாள் விஜயதசமிக்கு அடித்தார். கணீரென்றுதான் கேட்டது. கேட்க அவர் மனைவியையும் என்னையும் தவிர யாரும் இல்லை. குடியானவர்கள் எல்லாரும் ஊருக்குப் போய் விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு ஆசாரி செய்ததுதான் தப்பு. நான் செய்தது தப்பில்லையா என்று நீ கேட்கலாம், பொறு. தினமும் காலையில் அவர் பட்டறை வாசலுக்கு வந்து, தெருவில் போகிறவர்களை நிறுத்தி, வெறும் கல்லின் மேல் சம்மட்டியால் ஓங்கி அடிப்பார். "கேட்டியா? நல்லா கேளு!" என்பார். பாவு தோளில் போட்டுக்கொண்டு போகிற நெசவாளியை நிறுத்துவார், கோயிலுக்குப் போகிற மாமியை நிறுத்துவார். காய்ச்சின இரும்பு நடுவில் இருந்தால்தான் கல் அடியைத் தாங்கும். வெறும் கல்லில் அப்படி அடிக்கக் கூடாது என்று அவருக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனாலும் அடித்தார். தெரு இதை ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்டது. "இன்னொருதரம் அடி ஆசாரி, சரியா கேக்கல" என்று போகிறவன் வருகிறவனெல்லாம் சொல்லிவிட்டுப் போவான். அவரும் இன்னொருதரம் அடிப்பார். அந்த வாக்கியத்தை முதலில் சொன்னது யார் என்று நினைக்கிறாய்? நான்தான். கடையில் உட்கார்ந்த இடத்திலிருந்தே சத்தம் போட்டேன். குடியானவர்கள் திரும்பி வரவில்லை. நல்ல கல்லாக இருந்தால் எதற்குத் தினமும் அடித்துக் காட்டுகிறான் என்று அவர்கள் பேசிக்கொண்டார்கள். அதையும் குறை சொல்ல முடியாது.

மார்கழியில் ஒரு நாள் காலை, நல்ல பனி. நான் டீக்கடையில் இருந்தேன். நாலு முறை கணீர் கணீரென்று கேட்டது. ஐந்தாவது டொக். டீக்கடைக்காரன் என்னைப் பார்த்தான். நான் கிளாஸைக் கீழே வைக்காமல், "நான் அன்னிக்கே சொன்னேன் இல்ல?" என்றேன். இதை நான் எழுதாமல் விட்டிருக்கலாம். விட்டால் இத்தனை பக்கம் எழுதி என்ன பிரயோஜனம்? போய்ப் பார்த்தேன். கல் மூக்கிலிருந்து அடிவரைக்கும் விட்டிருந்தது. ஆசாரி அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விரிசலில் விரலை வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்து, "நீ சொன்னது சரிதான்பா" என்றார்.

அன்றிலிருந்து நான் பெரிய ஆள் ஆகிவிட்டேன். விரலால் தட்டியே விரிசல் கண்டுபிடிக்கிறவன் என்று காஞ்சிபுரம் முழுக்கப் பேச்சு. வாலாஜாபாத்திலிருந்தெல்லாம் பழைய கருவியை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து என்னிடம் தட்டிப் பார்க்கச் சொல்வார்கள். நானும் தட்டி, கண்ணை மூடி, ஏதோ சொல்வேன். நான் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு போவார்கள். உன்னைப் படிக்க வைத்தது, உனக்கு இன்றைக்கு அம்பத்தூரில் பேன்ட் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிற யோகம், எல்லாம் அந்த விரலின் புண்ணியம். ஆசாரி பட்டறையை மூடினார். உடைந்த கல்லைப் பழைய இரும்பாக நான்தான் வாங்கினேன். மெட்ராஸ்காரன் வேண்டாம் என்றுவிட்டதால் கடை முன்னாலேயே கிடக்கிறது. நீ வாய்ப்பாடு படித்தது அதன் மேல் உட்கார்ந்துதான். கொஞ்ச நாளில் அவரே வந்து, "இரும்பு ஒடைக்க ஆளு வேணுமா?" என்று கேட்டார். சேர்த்துக்கொண்டேன். அன்று காலைவரை 'காயலான் கடக்காரா' என்றவர், சாயந்திரம் 'மொதலாளி' என்றார். கல்லின் பெயர் அவருக்கு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் நம் கடையில் என்ன நடக்கும் என்று உனக்கே தெரியும். அந்த உடைந்த கல்லுக்கு அவரே சந்தனம் வைப்பார். நான் குனிந்து விரலால் தட்டி, காதை வைத்து, "ஊமக்கல்லு, இன்னிக்கிப் பேசுதுபா!" என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். ஒரு வருஷம்கூட விட்டதில்லை. போன வருஷம் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு குனிய முடியவில்லை. நீ குனிந்தாய். உனக்கு வரப்போகிற மாமனார் முன்னால், என்னைவிட நன்றாக முகத்தை வைத்துக்கொண்டு தட்டினாய். "மாமா, எதுனா சொல்லுதா பாருங்க. ஒங்க கிட்ட மட்டும்தான் பேசுமாம்" என்று ஆசாரியைப் பார்த்து ஒரு வார்த்தை கூடுதலாகவும் சேர்த்தாய். அது என் சரக்கு இல்லை, உன் சொந்தச் சரக்கு. கடையே அதிர்ந்தது. உன் மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாப்ள ரொம்ப கலகலப்பு" என்றார். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? ஆசாரி உனக்குப் பொரி கொண்டுவந்து கொடுத்தார்.

போன வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக்குப் பத்திரிகை வைக்கப் போனேன். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி, நான் மட்டும்தான். பழைய பட்டறைக்குப் பின்னாலேயே இன்னும் குடியிருக்கிறார்கள். முன்பக்கத்தில் இப்போது சைக்கிள் கடை. தட்டை வைத்தேன். உறையில் அவர் பெயரை நானே எழுதியிருந்தேன். "படிங்க மொதலாளி, எனக்கு எங்க எழுத்து தெரியுது?" என்றார். திருவாளர் என்று ஆரம்பித்துப் பெயரைப் படித்தேன். மனைவியைப் பார்த்து, "கேட்டியா, எனக்குப் போய் திருவாளர் போட்டுக்கீறாங்க" என்று சிரித்தார். அப்புறம், "இத்த மாத்திடுங்க மொதலாளி. இந்தப் பேரச் சொன்னா கல்யாணத்துல யாருன்னு எல்லாரும் தேடுவாங்க" என்றார்.

நான் எழுந்திருக்கப் போனேன். "ஒண்ணு கேக்கட்டா? கோச்சிக்கக் கூடாது" என்றார்.

"கேளு ஆசாரி."

"அன்னிக்கிப் பூஜையில தட்டுனீங்களே. நெஜமாவே ஒங்களுக்குக் கேட்டுதா?"

அவரே பேசிக்கொண்டு போனார். "நானும் மறுநாள்லருந்து அடிச்சி அடிச்சிப் பாத்தேன். என் காதுக்கு நல்லாத்தான் கேட்டுது. அப்புறம் பொளந்துபோச்சே? அப்ப உள்ள விட்டுத்தான இருந்திருக்கணும்? பொறந்ததுலருந்து கேட்டுக்கினு இருந்த கல்லு. எனக்குக் கேக்காதது ஒங்களுக்குக் கேட்டுதுன்னா என் காது போச்சின்னுதான அர்த்தம்? காது போனவன் இரும்ப அடிக்கலாமா, எவன் ஏராவது ஒடையும். அதான் வேற கல்லு தேடல. மாமனார் வீட்டுல ஒரு கல்லு தரேன்னுகூட சொன்னாங்க. நான்தான் வேணாம்னுட்டேன். கேக்கணும் கேக்கணும்னு இருந்தேன், வாய் வரல."

கல் போனதால்தான் அவர் தொழில் போனது என்று இத்தனை வருஷமும் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்னொரு கல் கிடைத்திருக்கிறது. என் விரலை நம்பி வேண்டாம் என்றிருக்கிறார். மகனே, அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்தான். வாயைத் திறந்தேன். என்ன வந்தது தெரியுமா? "எனக்கு நல்லா கேட்டுது ஆசாரி. பாம்புக் காது எனக்கு" என்று வந்தது. அவர் முகத்தில் ஒரு நிம்மதி. "அதான பாத்தேன்" என்றார்.

வாசல் வரைக்கும் அவர் மனைவி வந்தது. செருப்பை மாட்டும்போது, உள்ளே கேட்காத குரலில் சொன்னது: "மால போட்ட கல்ல வெரலால தட்டுனா எந்தக் கல்லுய்யா பேசும்?" அந்தம்மா என்னை மொதலாளி என்று சொல்லாமல் பேசியது அன்றுதான்.

"தெரியுமா?" என்றேன். "தெரிஞ்சா ஏன் அவருகிட்ட சொல்லல?"

"அவரு சம்மட்டிய எடுக்கப் போனாரே, நான்தான கையப் புடிச்சேன்? ஒரே ஒரு அடி அடிச்சிருந்தா அன்னிக்கே நீ பொய்யன்னு ஊருக்குத் தெரிஞ்சிருக்கும். இப்ப சொன்னா ஒன்னக் கொன்னுட்டு ஜெயிலுக்குப் போவாரு. இல்லன்னா, ஏன்டி புடிச்சேன்னு என்னக் கேப்பாரு. நான் என்னா சொல்லட்டும்? பத்திரிக வெச்சிட்டே இல்ல? போ."

வந்துவிட்டேன். நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும், இறங்கியது. ராத்திரி இட்லிக்குக் கெட்டிச் சட்னி இல்லையென்று உன் அம்மாவோடு சண்டைகூடப் போட்டேன்.

உனக்கு நான் சொல்ல வேண்டியது அதிகமில்லை. கல்யாணமானால் உன் வீட்டுக்கு ஒரு பெண் வருவாள். நாலு பேர் கூடிய இடத்தில் ஒரு நாள் அவளைப் பற்றி ஒரு வார்த்தை உன் நாக்கு நுனிக்கு வரும். நல்ல வார்த்தையாகத்தான் இருக்கும், எல்லாரும் சிரிப்பார்கள். அவள் பதில் சொல்ல முடியாத நேரமாகப் பார்த்துத்தான் அது வரும். நம் நாக்கு அப்படித்தான் நேரம் பார்க்கும். எதிராளி சம்மட்டியை எடுக்க முடியாத நாளாகப் பார்த்து. அந்த நேரத்தில் வாயில் ஒரு பிடி பொரியைப் போட்டு மென்றுகொண்டிரு. வேறு மருந்து எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நான் சாப்பிட்டிருக்க மாட்டேனா? வருகிற ஆயுத பூஜைக்கு அந்தக் கல்லை நீ தட்டாதே. நானும் தட்ட மாட்டேன் என்று எழுத நினைத்தேன். அன்றைக்குக் கடையில் கூட்டம் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கும், அதனால் சத்தியம் செய்யவில்லை. அவரிடம் உண்மையைச் சொல்வதா வேண்டாமா என்பதையும் உன் தலையில் கட்டுகிறேன், துணி சுற்றிய வைஸ் மாதிரி. சொல்வதாக இருந்தால் முதலில் அந்தம்மாவைக் கேட்டுக்கொள்.

அவர் பெயர் வேதாசலம். கல்யாணத்தில் அவரை முன்வரிசையில் உட்கார வைத்து, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடு. திரும்பிப் பார்க்காவிட்டால் கோபித்துக்கொள்ளாதே, இன்னொருதரம் கூப்பிடு.

இதை எழுதி முடித்து உறையில் போட்ட பிறகு மறுபடி வெளியே எடுத்து இதைச் சேர்க்கிறேன். தபால் எடுக்கிற நேரமாகிவிட்டது, எனக்கோ இடுப்பு வலி. ஆளைக் கூப்பிட்டேன். ஊமக்கல்லு என்றுதான் கூப்பிட்டேன், இத்தனையும் எழுதிய பிறகு. "தோ வந்துக்கினே இருக்கேன் மொதலாளி" என்று வந்து நிற்கிறார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, "தம்பிக்கா? கல்யாண விசயமா?" என்று கேட்கிறார். ஆமாம் என்றேன். அழுக்குப் படாமல் ஓரமாகப் பிடித்துக்கொண்டு போய்ப் பெட்டியில் போடுவார்.

உன் அப்பா